ஒட்டுக்கேட்பு ஆணையின் நகல் எங்கே?

என் சேம்பருக்கு வரும் கட்சிக்காரர்களில் சிலர் இப்போதெல்லாம் கைபேசியை வெளியே குமாஸ்தாவின் மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்து உட்காருகிறார்கள். "நம்ம போனை டேப் பண்றாங்க சார், பேசும்போது டிக் டிக்னு சத்தம் கேக்குது" என்பார்கள். அது பெரும்பாலும் சிக்னல் கோளாறாகத்தான் இருக்கும். அரசின் ஒட்டுக்கேட்பு இன்று தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கட்டமைப்புக்குள்ளேயே நடக்கிறது. அங்கிருந்தே அழைப்பின் பிரதி விசாரணை அமைப்புக்குப் போய்விடுவதால், பேசுகிறவரின் காதுக்கு எந்த அடையாளமும் எட்டாது. குற்றப்பத்திரிகையோடு உரையாடல் பதிவுகள் கட்டுக்கட்டாக வந்து சேரும் நாளில்தான் பெரும்பாலானோருக்கு விஷயம் தெரிய வருகிறது. அந்த நாளில் அவரும் அவருடைய வழக்கறிஞரும் எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்பதைப் பலரும் அறியாதிருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "போலீஸார் ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிக் கட்சிக்காரர்கள் கொண்டுவரும் தாள்களைப் புரட்டினால், பாதிக்கு மேற்பட்டவை சி.டி.ஆர். எனப்படும் அழைப்பு விவரப் பதிவுகளாக இருக்கும். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி, எந்தக் கோபுரத்தின் எல்லையிலிருந்து பேசப்பட்டது என்பவை அதில் இருக்கும்; என்ன பேசப்பட்டது என்பது இருக்காது. இதைப் பெற உள்துறைச் செயலாளரின் ஆணை தேவையில்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படியும், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படியும் விசாரணை அதிகாரி கேட்டுப் பெறுகிறார். பேச்சையே பதிவு செய்வது முற்றிலும் வேறு அதிகாரம். அதற்கான வாசல் மிகக் குறுகலானது. குறைந்தபட்சம் சட்டப் புத்தகத்திலாவது அப்படித்தான் இருக்கிறது.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு அந்த அதிகாரத்தைப் பல்லாண்டுகளாக வழங்கிவந்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவு 2024 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிரிவின் எண் மாறினாலும் கட்டுமானம் பழையதுதான். முதலில், பொது அவசரநிலை ஒன்று நேர்ந்திருக்க வேண்டும், அல்லது பொதுமக்களின் பாதுகாப்புக்கு அது தேவைப்பட வேண்டும். இந்த முதல் கதவு திறந்த பிறகுதான் இரண்டாவது கதவுக்குப் போக முடியும்: நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகியவற்றுள் ஒன்றுக்காக அது அவசியம் என்று அரசு எண்ணி, அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நான் பார்த்த ஆணைகளில் இரண்டாவது கதவைப் பற்றித் தாராளமாக எழுதியிருப்பார்கள். முதல் கதவு எப்படித் திறந்தது என்பதற்கு ஒரு வரி இருந்தாலே பெரிது.

இந்த இரட்டைக் கதவின் பொருளை உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் தெளிவுபடுத்தியது. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதைப் பற்றிய சி.பி.ஐ. அறிக்கை ஒன்று வெளியானதைத் தொடர்ந்து வந்த வழக்கு அது. நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சகீர் அகமது ஆகியோர், பொது அவசரநிலையும் பொதுப் பாதுகாப்பும் மறைவான சங்கதிகள் ஆக முடியாது, நியாயமான எந்த மனிதருக்கும் அவை கண்கூடாகத் தெரிய வேண்டும் என்று எழுதினார்கள். முறையற்ற ஒட்டுக்கேட்பைத் தடுக்க விதிகள் வகுக்கும்படி 1885ஆம் ஆண்டின் சட்டமே இடம் கொடுத்திருந்தும், அரசு அதுவரை வகுக்காமலே இருந்ததைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தாங்களே நெறிமுறைகளை வகுத்துக் கொடுத்தார்கள். அவை 2007இல் இந்தியத் தந்தி விதிகளின் 419ஏ விதியாக விரிவாக எழுதப்பட்டன. 2024 டிசம்பரில் புதிய சட்டத்தின்கீழ் வந்த விதிகளும் ஏறக்குறைய அதே தடத்தில்தான் போகின்றன.

அந்த வழக்கில் மனுதாரர்கள் கேட்ட முக்கியமான ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. ஒட்டுக்கேட்பதற்கு முன் நீதிபதி ஒருவரின் அனுமதி பெற வேண்டும் என்று கேட்டார்கள். சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத நிலையில் அதைத் தங்களால் கட்டாயமாக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு வீட்டைச் சோதனையிட நடுவரின் வாரண்ட் வேண்டும் என்று பழகிய நாட்டில், அந்த வீட்டில் உள்ளவர்களின் பேச்சை இரண்டு மாதம் கேட்க ஒரு செயலாளரின் கையெழுத்து போதும் என்றாகிவிட்டது. 2023இல் புதிதாகச் சட்டம் எழுதியபோது இதைச் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை.

மத்திய அரசில் உள்துறைச் செயலாளரும் மாநிலத்தில் உள்துறைப் பொறுப்பிலுள்ள செயலாளரும்தான் ஆணையிட முடியும். தவிர்க்க முடியாத சூழலில் மட்டும், முறைப்படி அதிகாரம் பெற்ற இணைச் செயலாளர் நிலை அதிகாரி பிறப்பிக்கலாம். ஓர் ஆணைக்கு ஆயுள் 60 நாள். எத்தனை முறை நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. தொலைதூரப் பகுதி என்பதாலோ செயல்பாட்டு நெருக்கடியாலோ முன் அனுமதி பெற முடியாதபோது, அமைப்பின் தலைவரோ அடுத்த நிலை அதிகாரியோ, மாநிலத்தில் ஐ.ஜி. நிலைக்குக் குறையாதவரோ உத்தரவிட்டுத் தொடங்கலாம். ஆனால் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்து, ஏழு வேலை நாளுக்குள் உறுதி பெற வேண்டும். உறுதி கிடைக்காவிட்டால் ஒட்டுக்கேட்பை நிறுத்த வேண்டும் என்பதோடு, அதுவரை கிடைத்தவற்றை நீதிமன்றத்தில் சான்றாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்றும் 2024ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு லஞ்ச வழக்கில், குற்றப்பத்திரிகையோடு உரையாடல்களின் எழுத்துப்படி முந்நூறு பக்கத்துக்கும் மேல் இருந்தது. ஆணை ஒரே ஒரு பக்கம். அதில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் சட்டப் பிரிவின் சொற்களே, "அல்லது" உட்பட, அப்படியே தட்டச்சு செய்யப்பட்டிருந்தன; எந்தக் காரணம் பொருந்துகிறது என்று தேர்ந்தெடுக்கக்கூட ஒருவரும் மெனக்கெடவில்லை. என் ஜூனியர் பென்சிலை வைத்துக்கொண்டு தேதிகளை ஒப்பிட்டபோதுதான் இன்னொன்று தென்பட்டது. ஆணையின் தேதி 14. எழுத்துப்படியின் முதல் உரையாடல் 11ஆம் தேதியில் தொடங்கியிருந்தது. இடைப்பட்ட நாள்களுக்கு அவசர உத்தரவு எதுவும் கோப்பில் இல்லை. குறுக்கு விசாரணையில் அதிகாரி முதலில் தட்டச்சுப் பிழை என்றார். ஒலிக்கோப்புகளின் தேதியும் 11தான் என்று காட்டியபோது, "நினைவில்லை" என்றார். அந்த மூன்று நாள் உரையாடல்களைப் பின்னர் அரசுத் தரப்பே சார்ந்து வாதிடவில்லை. அவற்றில் ஒன்றைத்தான் குற்றப்பத்திரிகை பெரிதாக நம்பியிருந்தது.

ஆணை பிறப்பித்தபின் அதன் நகல் ஏழு வேலை நாளுக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். மத்தியக் குழுவுக்கு அமைச்சரவைச் செயலாளரும் மாநிலக் குழுவுக்குத் தலைமைச் செயலாளரும் தலைவர்கள். உடன் இருப்பவர்களும் செயலாளர்களே. அதிகாரி இட்ட ஆணையை அதிகாரிகளே சரிபார்க்கிறார்கள். வெளியார் ஒருவரும் இல்லை. குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி, ஆணை சட்டப்படி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதை ரத்து செய்து பதிவுகளை அழிக்கச் சொல்லலாம். இதன் நடைமுறையை அறிய, தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த அறிக்கையின் ஒரு கணக்கு போதும்: ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டிய நிலையில் அந்தக் குழு இருக்கிறது. தேநீருக்குக்கூட எழாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு விநாடி கிடைக்காது.

இருந்தும் அந்தக் குழுவைக் கடந்துபோவதை நீதிமன்றம் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கல்வி நிறுவன நிர்வாகி ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் மத்திய உள்துறை பிறப்பித்த ஆணையை ரத்து செய்தார். வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் என்பது அந்த வழக்கின் அடிப்படை. லஞ்சப் பேச்சு இரகசியமாக நடப்பது. அது பொது அவசரநிலையோ கண்கூடான பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையோ ஆகாது என்பது தீர்ப்பின் ஒரு கால். பதிவுகளை விதி சொன்னபடி மறுஆய்வுக் குழுவின்முன் வைக்கவில்லை என்பது மற்றொரு கால். பம்பாய் உயர் நீதிமன்றமும் 2019இல், லஞ்ச வழக்கொன்றில் மூன்று ஆணைகளை இதே தர்க்கத்தில் ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது.

சென்னைத் தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், அரசுப் பணி ஒன்றின் ஒப்பந்தம் தொடர்பான ஊழல் வழக்கில், பெருந்தொகை சார்ந்த ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிப்பதே என்று கூறி ஒட்டுக்கேட்பை ஏற்றுக்கொண்டது. ஊழல் நாட்டைச் சீரழிக்கிறது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நாட்டுக்குக் கெடுதியானது எல்லாம் பொதுப் பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் வந்துவிட்டால், முதல் கதவு என்று ஒன்றை நாடாளுமன்றம் தனியே வைத்ததற்குப் பொருளே இருக்காது. குற்றப் புலனாய்வுக்காகவும் ஒட்டுக்கேட்கலாம் என்று எழுத விரும்பினால் எழுதத் தெரியாதவர்கள் அல்லர் சட்டம் இயற்றியவர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்த 69ஆம் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. கணினி வழியே செல்லும் தகவலை இடைமறிக்க வகை செய்யும் அதில் பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற நிபந்தனை கிடையாது; எந்தக் குற்றத்தின் புலனாய்வும் போதுமான காரணம். உளவுத் துறை முதல் டெல்லி மாநகரக் காவல் ஆணையர் வரை 10 அமைப்புகளுக்கு 2018 டிசம்பரில் அந்த அதிகாரம் தரப்பட்டது. ஆகவே கோப்பைத் திறந்ததும் ஆணை எந்தச் சட்டத்தின் பெயரால் பிறப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்துவிட்டு 69ஆம் பிரிவின் நிழலில் ஒதுங்க முயல்வதை அனுமதிக்கக் கூடாது.

ஆணை சட்டவிரோதம் என்றாகிவிட்டால் பதிவுகள் தாமாகவே விலகிவிடும் என்று நம்பிவிட முடியாது. சான்று எப்படிக் கிடைத்தது என்பதைவிட அது வழக்குக்குப் பொருத்தமானதா என்பதே முக்கியம் என்று 1972இல் மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அரசு வழக்கறிஞர்கள் இன்றும் தவறாமல் படித்துக் காட்டுகிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்த பிறகு பழைய வாதம் அதே வலுவோடு நிற்காது என்பது என் கருத்து. பம்பாய், சென்னைத் தீர்ப்புகள் அந்தத் திசையில் இருக்கின்றன. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளில் நிலைமை இன்னும் தெளிவு: இடைமறிப்பு ஆணையின் நகலை விசாரணைக்குப் பத்து நாளுக்கு முன்பாவது ஒவ்வொரு குற்றம்சாட்டப்பட்டவருக்கும் தர வேண்டும் என்று அதன் 46ஆம் பிரிவே சொல்கிறது, அந்தக் கெடுவுக்குள் தர இயலவில்லை என்பதிலும் தாமதத்தால் குற்றம்சாட்டப்பட்டவருக்குப் பாதிப்பில்லை என்பதிலும் நீதிபதி திருப்தியடைந்தால்தான் பத்து நாள் கெடுவுக்கு விலக்கு.

உரையாடல் பதிவுகள் உள்ள குற்றப்பத்திரிகை கைக்கு வந்ததும், ஒலியைக் கேட்பதற்கு முன்பே ஒரு மனு போட்டுவிடுவது என் வழக்கம். ஒவ்வொரு எண்ணுக்குமான மூல ஆணை, ஒவ்வொரு நீட்டிப்பு ஆணை, அவசரமாகத் தொடங்கியிருந்தால் அதை உறுதி செய்த ஆணை, மறுஆய்வுக் குழுவுக்கு நகல் போன தேதி, குழு கூடி எடுத்த முடிவு ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்டு, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் அதே 94ஆம் பிரிவின்படி வரவழைக்கக் கேட்கிறேன். "இவை இரகசிய ஆவணங்கள்" என்று அரசுத் தரப்பு எழுந்து நின்று வாய்மொழியாகச் சொல்லும். பல வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரும் அதோடு உட்கார்ந்துவிடுகிறார். அரசின் வெளியிடப்படாத ஆவணத்துக்குப் பாதுகாப்பு கோரும் உரிமை, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 129ஆம் பிரிவின்படி, சம்பந்தப்பட்ட துறையின் தலைவருக்கு உரியது. அவர் கோரினாலும், ஆட்சேபம் செல்லுமா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீதிபதிதான். துறைத் தலைவரின் பிரமாணப் பத்திரம் எங்கே என்று அப்போதே கேளுங்கள். அந்தக் கேள்வியையும் அதற்குக் கிடைத்த பதிலையும் அன்றைய நீதிமன்றக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.