‘போரில்தான் மனிதனின் உண்மை முகம் தெரியும்’ என்று சொல்லாதீர்கள்

சென்ற மாதம் மறுபடியும் அதே கதை. பெங்களூரில் ஒரு கல்யாணம். கனடாவிலிருந்து அண்ணன் வருகிறார், கிளிநொச்சியிலிருந்து தங்கை. பல வருடமாக இருவருக்கும் பேச்சில்லை என்பது சொந்தம் முழுக்கத் தெரியும். "ஒரே ரூமில் தங்க வைத்தால் தானாகப் பேசிவிடுவார்கள்" என்று ஒரு சித்தப்பா ஏற்பாடு செய்கிறார். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு தங்கைக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரி. இதயத்தில் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு என்னிடம் அனுப்புகிறார்கள். (ஆள் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) அல்சூரில் குடும்ப ஆலோசகராக இருக்கும் எனக்கு இப்படி வரும் ஈழத்துக் குடும்பங்கள் புதிதல்ல. ஒவ்வொரு முறையும் கூட வருகிற உறவினர் சொல்வதும் ஒன்றுதான்: "அவன் கல் நெஞ்சக்காரன் மேடம். கஷ்டம் வந்தபோதுதான் சுயரூபம் தெரிந்தது."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

என்ன நடந்தது என்று பாருங்கள். 2006க்குப் பிறகு இலங்கையின் வடக்கே வன்னியில் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக ஆள் சேர்த்தார்கள். பெற்றோர் பிள்ளைகளைப் பங்கரில் (பதுங்குகுழியில்) ஒளித்தார்கள், வயது வரும் முன்பே அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் யார் போவது என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. சில வீடுகளில் அம்மா முடிவு செய்தார். சில வீடுகளில் பிள்ளையே "நான் போறன், தம்பி படிக்கட்டும்" என்று கிளம்பியது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது ஒருவர் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில், இன்னொருவர் புலிகளில் இருந்தவர் என்று ராணுவத்தின் தடுப்புக்காவலில். வெளியே வந்த பிறகு ஒருவர் வெளிநாடு போனார், மற்றவர் ஊரிலேயே தங்கிவிட்டார்.

இப்போது அண்ணன் ஏன் போன் செய்வதில்லை? பாசம் இல்லாததாலா? மாதாமாதம் பணம் அனுப்புகிறவர் அவர். தங்கையின் குரலைக் கேட்டாலே தன் இடத்தில் அவள் போனது ஞாபகம் வருகிறது. இந்தக் கடனை எப்படி அடைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் விலகி நிற்கிறார். தங்கையோ அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்.

"உண்மை முகம்" என்ற பேச்சு இங்கேதான் கெடுதல் செய்கிறது. ஷெல் குண்டு விழும்போது எதிரே இரண்டு வழிதான், இரண்டும் கெட்டது. அதில் ஒன்றை எடுத்தவரிடம் "இதுதான் நீ" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வயதான மாமியாரை வழியில் விட்டுவந்த ஒருவர், அடுத்த நாள் முன்பின் தெரியாத குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். இதில் எது அவருடைய குணம்? முந்தின நாள் கையில் இரண்டு பிள்ளைகள் இருந்தன, மறுநாள் ஒரு கை காலியாக இருந்தது என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன பதில். 1986ல் புலிகள் இன்னொரு தமிழ்ப் போராளி இயக்கமான டெலோவை அழித்தபோது அண்ணன் ஓர் இயக்கம், தம்பி வேறு இயக்கம் என்று இருந்த வீடுகளும் உண்டு. கொள்கையைப் படித்து ஒப்பிட்டுத் தேர்ந்தவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்து நண்பன் எந்தப் பக்கம் போனானோ அந்தப் பக்கம் போன பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள்தான் அதிகம். அவர்களை வைத்து இன்னும் "துரோகி", "தியாகி" என்று கல்யாணப் பந்தியில் பட்டிமன்றம் நடத்துகிறோம்.

அதனால், உறவினர்களே, தயவுசெய்து ஆச்சரியச் சந்திப்புகள் ஏற்பாடு செய்யாதீர்கள். இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் விடுங்கள். "அன்றைக்கு என்னதான் நடந்தது?" என்று சபையில் தோண்டாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள்.

வீட்டில் காணாமல் போனவர் இருந்தால் "திவசம் கொடுத்து முடித்துவிடுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். தங்கள் கையால் ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று 2017 முதல் வீதியோரம் அமர்ந்து கேட்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். இறந்தார் என்று கையெழுத்துப் போடாமலேயே, ஆள் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் வாங்க 2016 முதல் இலங்கைச் சட்டத்தில் வழியுண்டு. சொத்து, வங்கிக் கணக்கு விவகாரம் என்றால் அதைப் பற்றி முதலில் விசாரியுங்கள்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க உட்கார வைப்பது பெரிய தப்பு. டாக்டருக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான் வரும் என்று பதினைந்து வயது மகளைக் கூட்டிப்போகிறார்கள். அவள் முன்னால் அம்மா எதைச் சொல்வார்? "தலைவலி, தூக்கமில்லை" என்று மட்டும் சொல்லி, மாத்திரையோடு திரும்பி வருவார். தமிழ் தெரிந்தவரைக் கேட்டு வாங்குங்கள். மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இதே ஊரில்தான் இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

விலகி நிற்கிற அண்ணன் இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய மன்னிப்பெல்லாம் இப்போது வேண்டாம். அடுத்த முறை பணம் அனுப்பும்போது, "நீ போனதால்தான் நான் படித்தேன், எனக்குத் தெரியும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அவசரப்படுத்தாதீர்கள், எழுதியதை அழித்துவிடாதீர்கள்.