கான்ஸ்டிட்யுவன்ட் பீப்பிள்ஸ்: போஸ்னியாவை ஐரோப்பிய யூனியன் வாசல்ல நிறுத்தி வச்சிருக்கிற சொல்லுக்குத் தமிழ் என்ன?

போஸ்னியா-ஹெர்ஸகோவினாவோட அரசியல் சீர்திருத்தம் பத்தி எதைப் படிச்சாலும் கான்ஸ்டிட்யுவன்ட் பீப்பிள்ஸ்னு ஒரு சொல் வந்து நிக்கும். ஐரோப்பிய யூனியன்ல சேர அந்த நாடு 2016 பிப்ரவரில மனு போட்டுச்சு, 2022 டிசம்பர்ல வேட்பாளர் நாடுங்கிற அந்தஸ்து கிடைச்சது, 2024 மார்ச்ல பேச்சுவார்த்தை தொடங்கலாம்னு யூனியன் தலைவர்கள் முடிவெடுத்தாங்க, ஆனா அரசியல் சட்டத்தைத் திருத்துற வேலை மட்டும் இந்தச் சொல்லைத் தொட்ட உடனே நின்னுபோகுது. தமிழ்ல இதை 'பெரும்பான்மை இனங்கள்'னோ 'முக்கிய இனங்கள்'னோ எழுதிட்டுப் போறது சுலபம். ரெண்டுமே தப்பு, எண்ணிக்கைக்கும் இந்தச் சொல்லுக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது.

முதல்ல பொருள். போஸ்னியாவோட அரசியல் சட்ட முன்னுரையில போஸ்னியாக்குகள், குரோவாட்டுகள், செர்பியர்கள்னு மூணு பேரைச் சொல்லி இவங்கதான் கான்ஸ்டிட்யுவன்ட் பீப்பிள்ஸ்னு இருக்கு. பக்கத்துலயே அடைப்புக்குறி போட்டு 'கூடவே மற்றவர்களும்', அப்புறம் குடிமக்கள். இங்க போஸ்னியாக் வேற, போஸ்னியர் வேறங்கிறதை கவனிக்கணும். போஸ்னியான்னு ஒரு நாட்டுல இருக்கிற யாரையும் போஸ்னியர்னு சொல்லலாம், போஸ்னியாக்னா ஒரு தனி இனம், இஸ்லாமியப் பின்னணி உள்ளவங்க. தமிழ்ச் செய்திகள்ல ரெண்டையும் கலந்து எழுதினா அந்த நாட்டுச் சண்டையில பாதி புரியாமலே போயிடும்.

2013 கணக்கெடுப்புல போஸ்னியாக்குகள் 50 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, செர்பியர்கள் கிட்டத்தட்ட 31, குரோவாட்டுகள் 15 சொச்சம். 15 சதவீதம் இருக்கிற குரோவாட்டுகள் அங்க சட்டப்படி சிறுபான்மை கிடையாது. யூதர்கள், ரோமா மக்கள் மாதிரியானவங்கதான் சிறுபான்மை, ஏன்னா அவங்க அந்த மூணுல இல்ல. நாடாளுமன்றத்துல ரெண்டு அவை, ஒண்ணுல மக்கள் ஓட்டுப் போட்டு வர்ற 42 பேர், இன்னொண்ணுல ஒவ்வொரு இனத்துக்கும் 5 பேர் வீதம் 15 பேர். ரெண்டு அவையும் ஒத்துக்கிட்டாத்தான் சட்டம். இந்த 15 பேர் அவையில ஒரு இனத்தோட ஆளுங்க 'இது எங்க உயிர்நாடியான இன நலனைப் பாதிக்குது'ன்னு சொல்லிட்டா மசோதா அப்படியே மாட்டிக்கும். அதிபர்ங்கிற இடத்துல ஒருத்தர் கிடையாது, மூணு பேர். போஸ்னியாக்கும் குரோவாட்டும் 'ஃபெடரேஷன்'ங்கிற பகுதியிலேருந்து, செர்பியர் 'ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா'ங்கிற பகுதியிலேருந்து. அப்போ கான்ஸ்டிட்யுவன்ட்ங்கிறது நாட்டோட பத்திரத்துல யார் பேர் இருக்குங்கிற கேள்வி, தலையை எண்ணுற கேள்வி இல்ல.

இப்ப சொல் எங்கேருந்து வந்ததுன்னு பாப்போம். லத்தீன்ல 'கான்ஸ்டிட்யுவெரே'ன்னா சேர்த்து நிறுத்துறது, நிறுவுறது. அதே வேர்லேருந்துதான் கான்ஸ்டிட்யூஷனும் வருது, கான்ஸ்டிட்யுவன்ஸியும் வருது. நாம ஒண்ணுக்கு அரசியலமைப்புன்னும் ஒண்ணுக்குத் தொகுதின்னும் சொல்றோம், கான்ஸ்டிட்யுவன்ட் அசெம்பிளிக்கு அரசியல் நிர்ணய சபைன்னு. ஒரே வேருக்குத் தமிழ்ல மூணு வழி போயாச்சு, அதனாலதான் நாலாவதா இது வரும்போது கை தடுமாறுது.

அந்த ஊர் மொழியில இது 'கான்ஸ்டிட்யூட்டிவ்னி நரோதி'. முதல் பாதி லத்தீன்லேருந்து கடன் வாங்கினது, ரெண்டாவது பாதிதான் ஸ்லாவிய மண்ணுச் சொல். 'நரோத்'ல இருக்கிற 'ரோத்' பிறப்பைக் குறிக்கும், குலத்தையும் குறிக்கும். மக்கள்ங்கிற பொருளும் உண்டு, தேசிய இனம்ங்கிற பொருளும் உண்டு. பழைய யூகோஸ்லாவியாவுல இந்தச் சொல்லுக்கு இருந்த கனமே தனி. செர்பியர், குரோவாட், ஸ்லோவீனியர், மாசிடோனியர், மான்டினெக்ரோக்காரர், பிறகு முஸ்லிம்கள்னு ஆறு பேர் 'நரோத்'. வெளியில சொந்த நாடு இருக்கிற அல்பேனியர், ஹங்கேரியர் எல்லாம் 'நரோத்னோஸ்த்', ஒரு படி கீழ. 1981 கணக்குப்படி யூகோஸ்லாவியாவுல மான்டினெக்ரோக்காரங்களைப் போல அல்பேனியர்கள் கிட்டத்தட்ட மூணு மடங்கு, இருந்தும் அவங்க நரோத் ஆகல. எண்ணிக்கை இதுல வேலை செய்யாதுன்னு மேல சொன்னேனே, அதுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

போஸ்னியாவுக்கு மட்டும் ஒரு தனிக்கதை உண்டு. 1943 நவம்பர்ல, நாஜிப் படைகளோட சண்டை நடந்துட்டிருக்கும்போதே, ம்ர்கோன்யிச் கிராத்ங்கிற ஊர்ல கெரில்லாத் தலைவர்கள் கூடி போஸ்னியா செர்பியருக்கு மட்டும் உரியதில்ல, குரோவாட்டுக்கு மட்டும் உரியதில்ல, முஸ்லிமுக்கு மட்டும் உரியதில்ல, மூணு பேருக்கும் உரியதுன்னு அறிவிச்சாங்க. பின்னால வந்த எல்லாத்துக்கும் விதை அங்க இருக்கு. ஆனா அப்போ முஸ்லிம்கள் ஒரு இனமா ஒத்துக்கப்படல, அது 1968ல தான் நடந்தது. 1971 கணக்கெடுப்புல அவங்க தங்களை இனத்தாலயே முஸ்லிம்னு பதிஞ்சுக்க முடிஞ்சது. பெரிய எழுத்துல எம் போட்டு எழுதினா இனம், சின்ன எழுத்துல எழுதினா மதம், இப்படி ஒரு எழுத்தோட உயரத்துல ஒரு மக்களோட அந்தஸ்து நின்னுச்சு. போஸ்னியாக்ங்கிற பேரை அவங்க 1993ல, போர் நடுவுலதான் அதிகாரபூர்வமா எடுத்துக்கிட்டாங்க.

போரோட தொடக்கத்துலயும் இந்தச் சொல் இருக்கு. யூகோஸ்லாவியா உடைஞ்சப்போ போஸ்னியாவை தனி நாடா ஏத்துக்கறதுக்கு அன்னைக்கு இருந்த ஐரோப்பிய சமூகம் அமைச்ச பாதின்டேர் கமிஷன், முதல்ல மக்கள் கருத்தைக் கேளுங்கன்னுச்சு. 1992 பிப்ரவரி 29, மார்ச் 1னு ரெண்டு நாள் வாக்கெடுப்பு நடந்தது, செர்பியர்கள் பெரும்பாலும் புறக்கணிச்சாங்க. ஓட்டுப் போட்டவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே பிரியலாம்னாங்க. செர்பியத் தலைமை சொன்ன வாதம் என்னன்னா, நாங்களும் இந்த நாட்டை ஆக்கின இனம், எங்க சம்மதம் இல்லாம எண்ணிக்கையை வச்சு நாட்டோட தலையெழுத்தை மாத்த முடியாது. வாதமா கேக்க நியாயம் மாதிரி இருக்கும். ஆனா அந்த வாதத்தைக் கையில வச்சுக்கிட்டு அவங்க செஞ்சது சரயேவோவை வருஷக்கணக்கா முற்றுகை போட்டதும், 1995 ஜூலைல ஸ்ரெப்ரனிட்சாவுல 8,000க்கு மேல ஆண்களையும் பையன்களையும் கொன்னதும். அந்தப் போர்ல மொத்தம் ஒரு லட்சம் பேர் அளவுக்கு செத்தாங்க. இதைச் சொல்லாம இந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதறது நேர்மையா இருக்காது.

1995 நவம்பர்ல அமெரிக்காவோட டேட்டன் விமானப்படைத் தளத்துல ஒப்பந்தம் முடிவாச்சு, டிசம்பர்ல பாரீஸ்ல கையெழுத்து. அந்த ஒப்பந்தத்தோட நாலாவது இணைப்புதான் இன்னைக்கும் போஸ்னியாவோட அரசியல் சட்டம். எழுதினது இங்கிலீஷ்ல. ஒரு நாட்டோட சட்டம் அந்த மக்கள் பேசாத மொழியில, ஒரு சமாதான ஒப்பந்தத்தோட பின்னிணைப்பா கிடக்குது. யூகோஸ்லாவிய காலத்து அந்தப் பழைய சொல் அப்படித்தான் இங்கிலீஷ் சட்டை போட்டுக்கிட்டு கான்ஸ்டிட்யுவன்ட் பீப்பிள்ஸ் ஆச்சு. 2000ல போஸ்னிய அரசியல் சட்ட நீதிமன்றம், மூணு இனமும் நாடு முழுக்க இந்தத் தகுதி உள்ளவங்க, ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா செர்பியருக்கு மட்டுமில்ல, ஃபெடரேஷன் மத்த ரெண்டு பேருக்கு மட்டுமில்லன்னு தீர்ப்பு சொல்லுச்சு. 5க்கு 4னு ஒரே ஓட்டு வித்தியாசம்.

இனி அந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற 'மற்றவர்கள்'. யாக்கோப் ஃபின்ட்சி சரயேவோ யூத சமூகத்தோட தலைவர்கள்ல ஒருத்தர். ஸ்பெயின்லேருந்து 1492ல துரத்தப்பட்ட யூதர்களோட வாரிசுகள் 16ஆம் நூற்றாண்டுலேருந்து அந்த ஊர்ல இருக்காங்க. ஃபின்ட்சி தேர்தல்ல நிக்கலாமான்னு கேட்டதுக்கு மத்திய தேர்தல் ஆணையம் எழுத்துலயே பதில் கொடுத்துச்சு, 2007 ஜனவரி 3 அன்னைக்கு அது அவர் கைக்கு வந்தது: யூத வம்சாவளிங்கிறதால அதிபர் பதவிக்கும் அந்த 15 பேர் அவைக்கும் நீங்க நிக்க முடியாது. ஒளிவுமறைவு எதுவும் இல்ல, சட்டம் அப்படித்தான் இருக்கு, ஆணையம் சட்டத்தைத்தான் எழுதுச்சு. இதே மனுஷன் அந்த நாட்டுக்காக சுவிட்சர்லாந்துல தூதரா இருந்தவர். நாட்டோட முகமா வெளிநாட்டுல நிக்கலாம், உள்ளூர்ல வேட்பாளரா நிக்கக் கூடாது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருது.

அவரும் ரோமா சமூகத்தைச் சேர்ந்த டெர்வோ செய்டிச்சும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாங்க, 2009 டிசம்பர் 22ல ஜெயிச்சாங்க. 2014ல ஆஸ்ரா ஸோர்னிச்னு ஒருத்தங்க, 'நான் எந்த இனமும் இல்ல, போஸ்னியக் குடிமகள், அவ்வளவுதான்'னு நின்னவங்க, அவங்களும் ஜெயிச்சாங்க. 2016ல இலியாஸ் பிலாவ். இவர் போஸ்னியாக், அந்த மூணுல ஒருத்தர், ஆனா இருக்கிறது ஸ்ரெப்ரனிட்சாவுல, அது ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா பக்கம், அங்கேருந்து செர்பியர்தான் அதிபர் குழுவுக்கு நிக்க முடியும். அப்போ பத்திரத்துல பேர் இருந்தும் தப்பான பக்கம் குடியிருந்தா அந்தப் பேர் செல்லாது. அவருக்கும் நீதிமன்றம் சாதகமாத்தான் சொல்லுச்சு. தீர்ப்பெல்லாம் வரிசையா வந்துச்சு, சட்டத்துல அந்த வாசகம் மாறல.

ஐரோப்பிய யூனியன் என்ன பண்ணுச்சுன்னா, 2008 ஜூன்ல போஸ்னியாவோட ஒரு அசோசியேஷன் ஒப்பந்தம் (யூனியன்ல சேர்றதுக்கு முந்தின படி) போட்டு வச்சிருந்தாங்க, அது நடைமுறைக்கு வரணும்னா செய்டிச்-ஃபின்ட்சி தீர்ப்பை நிறைவேத்துங்கன்னு நிபந்தனை வச்சாங்க. வருஷங்கள் ஓடுச்சு, ஒண்ணும் நடக்கல, கடைசில 2014ல பிரிட்டனும் ஜெர்மனியும் பொருளாதாரச் சீர்திருத்தம் முதல்ல நடக்கட்டும், இதைப் பின்னால பாத்துக்கலாம்னு வரிசையை மாத்தினாங்க, 2015 ஜூன் 1ல ஒப்பந்தம் அமலுக்கு வந்துச்சு. 2019ல யூனியன் கமிஷன் கொடுத்த 14 முன்னுரிமைகள்லயும் இந்த அரசியல் சட்டத் திருத்தம் இருக்கு. நிபந்தனையை நீர்க்கச் செஞ்சது பெரிய தப்புன்னு நான் நினைக்கிறேன். விட்டுக்கொடுத்தா பலன் வரும்னு மூணு இனத் தலைவர்களும் எதிர்பார்க்கிறதுக்குப் பதிலா, காத்திருந்தா யூனியனே இறங்கி வரும்னு கத்துக்கிட்டாங்க.

ஆனா இன்னொரு பக்கமும் கேக்கணும். ஷெல்கோ கோம்ஷிச் 2006லேருந்து நாலு தடவை குரோவாட் உறுப்பினரா அதிபர் குழுவுக்கு வந்தவர். போஸ்னியாக் ஓட்டுல வந்த ஆள், எங்க பிரதிநிதி இல்லன்னு குரோவாட் கட்சிகள் சொல்லிட்டே இருக்கு. ஃபெடரேஷன்ல போஸ்னியாக்குகள் அதிகம்ங்கிறதால அவங்களே ரெண்டு இடத்தையும் முடிவு பண்ணிடலாம்ங்கிற அவங்க பயம் பொய்யில்ல. ஒருத்தன் தனிக் குடிமகனா ஓட்டுப் போடறதா இல்ல இனத்தோட ஆளா ஓட்டுப் போடறதாங்கிற கேள்விக்கு டேட்டன் ரெண்டுக்கும் நடுவுல ஒரு பதிலைச் சொல்லி வச்சிடுச்சு. 2006 ஏப்ரல்ல இதைத் திருத்த ஒரு பெரிய முயற்சி நடந்து 42 பேர் அவையில 28 ஓட்டு வேணும்ங்கிற இடத்துல 26 வந்து நின்னுபோச்சு. ரெண்டே ரெண்டு ஓட்டு. அதுக்கப்புறம் அவ்வளவு பக்கத்துல யாரும் போகல.

சரி, தமிழுக்கு வருவோம். 'உறுப்பு மக்கள்', 'கூறு மக்கள்'னா பகுதின்னு பொருள் ஆகும், கான்ஸ்டிட்யுவன்ட்டுக்கு அந்தப் பொருளும் உண்டுதான், ஆனா இங்க அது இல்ல. 'தொகுதி மக்கள்'னா எம்எல்ஏவோட தொகுதி ஞாபகம் வந்துடும். 'ஸ்தாபக இனங்கள்', 'நிறுவிய இனங்கள்' கிட்ட வருது, இருந்தாலும் என்னைக்கோ நிறுவிட்டுப் போனவங்கன்னு ஆயிடும், அங்க அது முடிஞ்ச வேலை இல்ல, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு தேர்தலுக்கும் நடந்துட்டே இருக்கிறது.

அதனால நான் 'நாடமை இனங்கள்'னு எழுதறேன். ஊறுகாய் மாதிரி வினைத்தொகை இது, காலம் உள்ள மறைஞ்சிருக்கும்: நாட்டை அமைத்த, அமைக்கிற, அமைக்கும் இனம், மூணும் ஒரே சொல்லுல. பீப்பிள்ஸ்க்கு 'மக்கள்' போடறதை விட 'இனங்கள்' போடறது சரி, நரோத்ல இருக்கிற பிறப்புங்கிற பொருள் அப்பதான் நிக்கும். நீளமா எழுத இடம் இருந்தா 'நாடமை தேசிய இனங்கள்'னும் எழுதலாம். 'மற்றவர்கள்'ங்கிறதுக்கு இலங்கைத் தமிழ்ல புழங்குற 'ஏனையோர்' கச்சிதமா பொருந்துது. அதை சிறுபான்மையினர்னு மட்டும் மாத்திடாதீங்க, ஸோர்னிச் மாதிரி எந்த இனத்தையும் சொல்ல மறுக்கிறவங்க அதுல காணாமப் போயிடுவாங்க.

இன்னொண்ணு, அந்த 15 பேர் அவைக்கு அங்க 'தோம் நரோதா'ன்னு பேர், இங்கிலீஷ்ல ஹவுஸ் ஆஃப் பீப்பிள்ஸ். இதை அப்படியே மக்களவைன்னு தமிழ்ல போட்டா நம்ம ஊர் வாசகருக்கு லோக்சபான்னுதான் புரியும், அதாவது மக்கள் நேரா ஓட்டுப் போட்டு அனுப்புற அவைன்னு. நிஜத்துல அது அதுக்கு நேரெதிரானது, எந்த ஃபின்ட்சியும் எந்த செய்டிச்சும் உள்ள போக முடியாத அவை. 'இனங்கள் அவை'ன்னு எழுதுங்க, மக்கள் ஓட்டுல வர்ற 42 பேர் அவையை 'பிரதிநிதிகள் அவை'ன்னு எழுதுங்க.