நுரைத் தெப்பத்தில் தலைகீழாக ஒரு நத்தை

வாடைக் காற்று பலக்கும் மாதங்களில் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் நீலச் சில்லுகளும் ஊதா நத்தைகளும் ஒதுங்கினால், "கடலில் நஞ்சு கலந்துவிட்டதா?" என்று கேட்கிறார்கள். இல்லை. இவை கடலின் மேற்பரப்பிலேயே காலம் கழிக்கும் உயிர்கள். காற்றை எதிர்த்து நீந்த முடியாதவை. வாடை கரையை நோக்கி வீசுவதால் இங்கே வந்து சேர்கின்றன. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும்போது வெளிக்கடலுக்குத் தள்ளப்பட்டுவிடும். நஞ்சோ தெய்வக் குற்றமோ தேட வேண்டாம், காற்றின் திசையைப் பார்த்தால் போதும்.

நீலச் சில்லின் பெயர் போர்பிட்டா, சொறிமுட்டைக்கு உறவு. ஏறத்தாழ 3 செ.மீ. அகலத் தட்டுக்குள் வளையம் வளையமாகக் காற்றறைகள் இருப்பதால் மிதக்கிறது. அதைத் தின்பதுதான் ஊதா நத்தையான ஜாந்தினா. இதற்குப் பிறவிக் காற்றுப்பை கிடையாது. தெப்பத்தைத் தானே கட்டியாக வேண்டும்.

பாதத்தின் முன்பகுதியை நீருக்கு மேலே நீட்டிக் கிண்ணம்போல் குழிக்கிறது. கொஞ்சம் காற்றை அதில் மூடிப் பிடித்து, சளியால் போர்த்தி, பழைய குமிழிகளோடு ஒட்டுகிறது. சளி இறுகியதும் குமிழி உடையாது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்த நுரையின் அடியில் நத்தை தலைகீழாகத் தொங்குகிறது. பாரம் குறைய ஓடும் மெல்லியது. ஆனால் தெப்பம் அறுந்தால் கதை முடிந்தது: நத்தை மூழ்கும், கீழே காற்று இல்லை, புதுக் குமிழி செய்ய வழியில்லை.

கரையில் கிடைக்கும் ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். கூம்பு முனைப் பக்கம் வெளிறியும் வாய்ப் பக்கம் கடும் ஊதாவாகவும் இருக்கும். தலைகீழாகத் தொங்கும்போது அந்தக் கடும் ஊதாதான் மேலே தெரியும். பறவைக்கு அது கடலின் நிறம். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளிறிய பக்கம் வானொளியில் கரைந்துவிடும்.

இந்தத் தொழில்நுட்பம் எங்கிருந்து வந்தது? கடலடியில் வாழும் உறவு நத்தைகள் முட்டைகளைச் சளியால் கோத்துத் தொகுதியாக வைக்கும். அந்த முட்டைத் தொகுதியே காற்றுப் பிடித்துத் தெப்பமானது என்கிறது 2011இல் வெளியான மரபணு ஒப்பீட்டு ஆய்வு. எனக்கு இதைவிட அழகான பரிணாமக் கதை தெரியாது.

ஓர் எச்சரிக்கை: நீண்ட நூல்கள் தொங்கும் நீலப் பலூன் ஒதுங்கியிருந்தால் தொடாதீர்கள். அது பைசாலியா, செத்த பின்னும் கொட்டும்.

இவற்றை ஆராயப் பெரிய கப்பல் வேண்டும் என்று காத்திருப்பது வீண். வாய் பாதி நீரிலும் பாதி காற்றிலும் நிற்கும் சதுர வலை ஒன்றும் ஒரு ஃபைபர் படகும் போதும். முழுதாக மூழ்கிய வலையில் இவை அகப்படுவது அரிது.