வீட்டுக் கிரயமும் ஒப்பிட்டுப் பார்க்கப்படாத வரைபடமும்

கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் பழைய வீட்டை விலைபேசுவோர் பலர், "லீகல் கிளியருங்க, பேங்க்லயே லோன் குடுக்கறாங்க" என்று புரோக்கர் சொன்னதும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். கட்டடப் பொறியாளராக இருந்துகொண்டு வங்கிகளுக்கு மதிப்பீட்டறிக்கையும் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: விற்பனையின்போது தயாராகும் அறிக்கைகளில் எதுவும், வீடு அனுமதி வரைபடத்தின்படிதான் நிற்கிறதா என்று வாங்குபவருக்காகப் பார்த்து எழுதப்படுவதில்லை.

வழக்கறிஞர் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கொண்டு உரிமை யாருடையது என்று கருத்துச் சொல்கிறார். பதிவுத்துறையினர் களப்பணிக்கு வருவது கட்டடத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டி முத்திரைத் தீர்வை ஏய்க்கப்பட்டிருக்கிறதா என்று அறிவதற்கே. என்னைப் போன்ற மதிப்பீட்டாளரை அனுப்புவது வங்கி. கடன் தொகைக்குச் சொத்து ஈடாகுமா என்பதே அதன் கேள்வி. வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிக்கையில் குறித்தாலும், அந்தத் தாள் பெரும்பாலும் வாங்குபவர் கண்ணில் படுவதில்லை. "ஏறத்தாழ வரைபடத்துக்கு ஒத்துள்ளது" என்ற வரியை எந்த அறிக்கையில் கண்டாலும் எனக்குச் சந்தேகமே வரும். சொத்துவரி ரசீதும் அனுமதிக்குச் சான்றாகாது. அனுமதியில்லாத மாடிக்கும் வரி விதிக்கப்படுகிறது.

2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 750 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்து (அனுமதித்தபடி கட்டி முடிக்கப்பட்டது என்று அலுவலர் தரும் சான்று) விலக்கு அளித்திருக்கின்றன. சாமானியருக்கு இது நல்ல சலுகைதான். ஆனால் தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி, பிறகு பக்கவாட்டில் விதிப்படி காலியாக விட வேண்டிய இடைவெளியை மூடி மாடியும் எழுப்பிய வீட்டை, கட்டி முடித்த பின் எந்த அலுவலரும் வந்து அளந்திருக்க மாட்டார். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி இந்த மீறலுக்கு நோட்டீஸ் வந்தால், கட்டியவர் யாராக இருந்தாலும் அது இன்றைய உரிமையாளரின் வாசலுக்கே வரும்.

கோவைப் பகுதியில் இதைவிடச் சிக்கலானவை, பொதுப் பயனுக்கு ஒதுக்கிய ரிசர்வ் சைட்டும், திட்டத்தில் குறித்த சாலையான ஸ்கீம் ரோடும். பூங்காவுக்கெனப் பழைய லேஅவுட்டில் ஒதுக்கிய இடம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தரப்படாமல் விடுபட்டுப்போய், பின்னாளில் சைட்டாக விற்கப்பட்டிருந்தால், வில்லங்கச் சான்று அதைக் காட்டாது. அசல் லேஅவுட் வரைபடத்தை விரித்து வைத்தால்தான் தெரியும். விரிவான வளர்ச்சித் திட்டத்தில் குறித்த திட்டச் சாலை வீட்டின் குறுக்கே போவதும் இப்படித்தான். மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தாத நிலம் விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று அதே 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு கூறுவதை விற்பவர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அது சரியே எனினும், உங்கள் புல எண்ணுக்கு அது பொருந்துகிறதா என்பதை நகர ஊரமைப்பு அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்காமல், விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

கணபதியில் லேத் பட்டறையோ, திருப்பூரில் பனியன் தைக்கும் கூடமோ வீட்டோடு ஒட்டியிருந்தால், அந்த நிலம் எந்தப் பயன்பாட்டு மண்டலத்தில் உள்ளது என்பதையும், மின்கட்டண அட்டையில் இணைப்பு வீட்டுக்கானதா, தொழிலுக்கானதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வரைபடத்தைக் கேட்டே பார்க்காதவர் அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு வழக்காடுவது கடினம். ஆகவே அட்வான்சுக்கு முன்பே முத்திரையிட்ட அனுமதி வரைபடத்தை வாங்கி, உங்கள் செலவில் ஒரு பொறியாளரை வைத்து வீட்டை அளந்து பாருங்கள். மீறல் தெரிந்தால், அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்பதை அக்ரிமெண்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வரைபடம் தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால், உள்ளாட்சி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்கலாம். அதற்குப் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், கிரயக் கெடுவை அதற்கேற்பத் தள்ளி வைப்பது நல்லது.