புரோக்கர் கமிஷன்: ரெரா சட்டம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

வீடோ மனையோ வாங்கப்போகிறவர்கள் புரோக்கரிடம் முதலில் கேட்பது "கமிஷன் எவ்வளவு?" என்பதுதான். அதற்கு முன்னால் "உங்கள் ரெரா பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள்.

ரெரா என்பது 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் சுருக்கப் பெயர். அதன் 9-வது பிரிவுப்படி, ரெராவில் பதிவான திட்டத்தில் மனை, பிளாட் விற்றுத் தரவோ வாங்கித் தரவோ முகவரும், அதாவது புரோக்கரும், பதிவு செய்திருக்க வேண்டும். முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அது ஏறலாம். விசிட்டிங் கார்டில் எண் அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. அவர் பெயர் அதில் உள்ளதா, பதிவுக் காலம் முடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, கமிஷன்? இந்தச் சட்டம் எந்த விகிதத்தையும் நிர்ணயிக்கவில்லை. "ரெரா ரேட் இதுதான்" என்று யாராவது சொன்னால் அது தவறு. கமிஷன் முழுக்கப் பேசி முடிப்பதுதான். 60 லட்சம் ரூபாய் பிளாட்டுக்கு 1 சதவீதம் என்றால் 60,000; 2 சதவீதம் என்றால் 1,20,000. அவர் ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் அதன்மேல் 18 சதவீதம் வரி சேரும். 60,000 என்று பேசியது 70,800 ஆகிவிடும். அதனால் சொல்லும் தொகை வரியோடு சேர்த்தா, வரி தனியா என்று அன்றைக்கே கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். மொத்தத்தையும் அட்வான்ஸ் அன்றே கொடுக்காமல், பாதியைப் பத்திரப்பதிவு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், அரை சதவீதம் குறைப்பதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று உண்டு: பில்டரிடமும் அவர் கமிஷன் வாங்குகிறாரா? வாங்கினால், விலையைக் குறைத்துப் பேச அவருக்கு என்ன அவசரம்? "உங்களிடம் ஒன்றும் வாங்க மாட்டேன்" என்று சொல்பவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பதிவாகாத திட்டத்தை விற்றுத் தருவதையும், இல்லாத அப்ரூவலை இருப்பதாகச் சொல்வதையும் 10-வது பிரிவு தடுக்கிறது. புக்கிங் நேரத்தில் திட்டத்தின் ஆவணங்களும் விவரங்களும் உங்கள் கைக்குக் கிடைக்க உதவுவதும் முகவரின் கடமை. மீறினால் 31-வது பிரிவின்கீழ் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அப்புறம், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. "இன்றைக்கே 20 சதவீதம் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் போய்விடும்" என்று புரோக்கர் அவசரப்படுத்தினால் தைரியமாக மறுத்துவிடுங்கள்.

ரெராவில் பதிவான திட்டத்தில் சேராத பழைய வீட்டை உரிமையாளரிடம் வாங்கும்போது இந்தப் பதிவுக் கட்டாயம் பொருந்தாது. அங்கே கமிஷனை எழுத்தில் முடித்துக்கொண்டு, சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் புரோக்கரிடம் விடாமல் நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள்.