இடி விழுந்தால் செம்பு இரிடியம் ஆகுமா?

போன மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "தம்பி, அணுக்கருவைப் பத்திப் படிச்சவுக நீங்க. இந்தக் கலசத்தை ஒரு பார்வை பாருங்க" என்றார் வீட்டுக்கார அண்ணன். அவருடைய ஐயா காலத்துச் செம்புக் கலசம். இடி விழுந்ததில் உள்ளே 'குறைந்த ஆற்றல் அணுக்கரு வினை' நடந்து செம்பு இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகமாகிவிட்டது, பல கோடிக்குப் போகும் என்று ஒரு தரகர் சொல்லியிருக்கிறார். கதிர்வீச்சுச் சோதனைக்கும் அதற்கான உடுப்புக்கும் முன்பணம் இரண்டு லட்சம். அண்ணன் நகையை அடகு வைக்க இருந்தார்.

அரிசியை இழுக்கும் அபூர்வக் கலசம் என்று சொல்லிப் பணம் பறிக்கும் 'ரைஸ் புல்லிங்' மோசடி புதிதல்ல. ஆனால் நான் பாடம் நடத்துகிற, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போடுகிற துறையின் பெயரையே இப்போது தூண்டிலில் மாட்டுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

'குறைந்த ஆற்றல்' என்ற சொல்லில்தான் ஆளைக் கவிழ்க்கிறார்கள். செம்பின் அணுக்கருவில் 29 புரோட்டான், இரிடியத்தில் 77. மீதி 48-க்கு ஒரு காட்மியம் அணுக்கருவையே முழுசாகச் செம்புக்குள் திணிக்க வேண்டும். இரண்டும் நேர்மின்னூட்டம், ஒன்றையொன்று விரட்டும். அந்தத் தடையைத் தாண்ட ஏறத்தாழ 160 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய வேகத்தில் மோதவிட வேண்டும். எங்கள் துறையில் இதற்குப் பெயர்தான் குறைந்த ஆற்றல்! மின்னல் பாதையின் வெப்பம் சுமார் 30,000 கெல்வின். அங்கே ஒரு துகளுக்குக் கிடைப்பது 3 எலக்ட்ரான் வோல்ட் போல. செம்பை உருக்கலாம், அணுக்கருவை அசைக்க முடியாது.

சரி, மோதவிட்டால் என்ன ஆகும்? ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு நெய்ப் பொட்டுகளைப் பாருங்கள். தொட்ட இடத்தில் முதலில் மெல்லிய கழுத்து ஒன்று விழும். அது தடித்தால் இரண்டும் ஒன்றாகும். அணுக்கருக்களும் இப்படித்தான், கழுத்து அறுந்தால் கொஞ்சம் துகள்களை, அதாவது புரோட்டான், நியூட்ரான்களை, மாற்றிக்கொண்டு பிரிந்துவிடும். 1939-ல் இயற்பியலாளர்கள் நீல்ஸ் போரும் ஜான் வீலரும் அணுக்கருவைத் திரவத் துளியாக வைத்துத்தான் அதன் பிளவை விளக்கினார்கள். நான் கணக்குப் போடுகிற நுண்கோட்பாடு துளியிலிருந்து தொடங்குவதில்லை, ஒவ்வொரு துகளிலிருந்தும் தொடங்குகிறது. எல்லாத் துகளும் சேர்ந்து ஒரு பொதுப் புலத்தை உண்டாக்கும். அதற்குள்தான் ஒவ்வொன்றும் ஓடும். ஓடியதும் புலம் மாறும், மறுபடி கணக்கு. இயற்பியலாளர் டிராக் 1930-லேயே இதற்கு வழி காட்டிவிட்டார். அணுக்கரு மோதலுக்குக் கணினியில் போட்டுப் பார்த்தது 1970-களில். ஒரு வினாடியைக் கோடியால் மூன்று தடவை வகுத்தால் வரும் நேரத்தின் சில மடங்கில் எல்லாம் முடிந்துவிடும். கழுத்து என்றோ உராய்வு என்றோ நாங்கள் எங்கேயும் எழுதிவைப்பதில்லை. திரையில் அது தானாக விழும்போது இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

அண்ணனிடம் தேரை வைத்துச் சொன்னேன். "அண்ணே, ரெண்டு பேர் வடம் பிடிச்சாத் தேர் நகருமா? ஒரு செம்பு அணுக்கருவுக்குள்ள அறுபத்து மூணு துகள். அம்புட்டும் ஒண்ணா நகர்ந்தாத்தான் அது வேற ஒண்ணா மாறும்."

"ஆனா அரிசியை இழுத்துச்சே, என் கண்ணால பார்த்தேன்" என்றார். தரகர் விட்டுப்போன அரிசிப் பொட்டலம் அங்கேயே இருந்தது. ஆச்சி அடுக்களையிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி கொண்டுவந்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை இரண்டுக்கும் மேலே பிடித்தேன். ஆச்சியின் அரிசி அசையவில்லை. தரகரின் அரிசி துள்ளி ஒட்டியது: இரும்புத் தூள் ஏற்றிய அரிசி. இரிடியம் அரிசியை இழுக்காது, காந்தத்திலும் ஒட்டாது.

அப்புறம் கதிர்வீச்சு. இயற்கை இரிடியத்துக்குக் கதிரியக்கம் இல்லை. அணு உலையில் உண்டாக்கி, வெல்டிங் சோதனைக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் பயன்படுத்துவது இரிடியம்-192. அதன் அரை ஆயுள் 74 நாள்தான், அதாவது 74 நாளுக்கு ஒரு தடவை இருப்பது பாதியாகிவிடும். ஐயா காலத்துக் கலசத்தில் மிஞ்சியிருக்க வழியே இல்லை. ஆனால் பழைய இரும்புக் கடையிலோ வேறெங்கோ கதிரியக்க எச்சரிக்கையான மூவிதழ் அடையாளம் போட்ட உலோகப் பெட்டியைக் கண்டால் தொடாதீர்கள்; தள்ளி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள். தரகருக்கு போன் வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.