கைமாற்று கொடுக்கும் கிரியாட்டின்

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் மகனின் லேப் ரிப்போர்ட்டோடு வந்தார்கள். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 1.4, அளவு கூடுதல் என்று பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. மகன் மார்த்தாண்டத்தில் ஜிம்முக்குப் போகிறான். தினமும் ஒரு கரண்டி கிரியாட்டின் பொடி. "இவன் திங்கிற பொடியால கிட்னி போயிருமா தம்பி?"

கிரியாட்டின் ஸ்டீராய்டு அல்ல. 1832-இல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தது. நம் உடம்பே தினமும் கிட்டத்தட்ட ஒரு கிராம் செய்துகொள்கிறது: சிறுநீரகம் தொடங்கும், கல்லீரல் முடிக்கும். சுமார் 95 சதவீதம் தசையில்தான் இருக்கும்.

அங்கே அது என்ன செய்கிறது? சந்தையில் லாரிக்கு ஏத்தன் வாழைக்குலை ஏற்றுகிறவரைப் பாருங்கள். குனிந்து, மூச்சைப் பிடித்து, ஒரே தூக்கு. அந்தத் தூக்குக்கான ஆற்றல் ஏடிபி (ATP) என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. அதில் மூன்று பாஸ்பேட். ஒன்று கழன்றால் தசை சுருங்கும், மிஞ்சுவது இரண்டு பாஸ்பேட் மட்டும் உள்ள ADP. தசையில் தயாராக இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். ஆக்சிஜனை வைத்துச் சர்க்கரையை எரித்துப் புதிதாகச் செய்ய நேரமாகும். குலையோ பாதி உயரத்தில் நிற்கிறது.

அந்த இடைவெளியில்தான் கிரியாட்டின் வருகிறது. ஓய்வாக இருந்தபோது அது ஒரு பாஸ்பேட்டை வாங்கி வைத்திருக்கும். ஏடிபி செலவான அந்த இடத்திலேயே அதைக் கொடுத்துவிடும். ஒரே படி, ஆக்சிஜனே வேண்டாம். சுமார் பத்து விநாடி இந்தக் கைமாற்று ஓடும். அப்புறம் அவர் லாரியில் சாய்ந்து மூச்சு வாங்குகிறாரே, அப்போது புதிய ஏடிபி உண்டாகி, கடன் திரும்புகிறது. கொடுக்க வைத்த அதே கிரியாட்டின் கைனேஸ் நொதிதான் திருப்பி வாங்கவும் வைக்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

ஒரு கிலோ மீனிலோ கறியிலோ ஏறக்குறைய 3 முதல் 5 கிராம் கிரியாட்டின் உண்டு. சமைக்கும்போது கொஞ்சம் போய்விடும். மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ளும் நாலு சாளையில் கிடைப்பது சொற்பம். சைவர்களின் தசையில் இருப்பு இன்னும் குறைவு. அதனால் பொடியின் பலன் அவர்களுக்குக் கூடுதலாகவே தெரியும். தினம் 3 முதல் 5 கிராம், மூன்று நான்கு வாரத்தில் இருப்பு நிரம்பிவிடும். முதலில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ பெரும்பாலும் தண்ணீர். பளு தூக்கவும் குறுகிய ஓட்டத்துக்கும் உதவும். நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெரிதாக உதவாது. கிரியாட்டின் மோனோஹைட்ரேட் என்ற சாதாரண வகையே போதும். புதுப்பெயர் வைத்து இரட்டை விலைக்கு விற்பதை வாங்காதீர்கள்.

சரி, அந்த 1.4? தசையிலுள்ள கிரியாட்டினில் தினமும் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தானாகவே கிரியாட்டினினாக மாறும். சிறுநீரகம் அதை வெளியேற்றும். இருப்பும் தசையும் கூடினால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் சற்று ஏறலாம். ஆரோக்கியமானவர்களுக்கு இந்த அளவில் சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. ரத்தம் எடுக்கும்போது "பொடி ஏதும் சாப்பிடுகிறாயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அக்காவின் ஒரு வாரத் தூக்கம் மிஞ்சியிருக்கும். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனாலும் பொடிதான் காரணம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். பையனை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். பொடியைச் சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கலாம். தசையின் அளவை அவ்வளவாகச் சாராமல் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.